பழைய போனைக் கொடுத்துப் புது மாடல் வாங்கும்போது: விலை, பூட்டு, தரவு

கேள்வி: இரண்டு, மூன்று வருடம் ஓடிய ஸ்மார்ட்போன் நல்ல நிலையில் இருக்கிறது. புது மாடலுக்கு மாறப் போகிறேன். பழையதை எப்போது, யாரிடம் விற்பது? கையை விட்டுப் போகும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பழைய போன் வாங்க வருபவர் மனதில் மூன்று பயம் இருக்கும். திருட்டுப் போனாக இருக்குமோ, உள்ளே எதையாவது மாற்றியிருப்பார்களோ, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு முந்தைய ஆளின் பாஸ்வேர்டு கேட்குமோ. ஒவ்வொரு பயத்துக்கும் விலையில் கொஞ்சம் கழித்துத்தான் கேட்பார். அந்தப் பயத்தை ஆதாரத்தோடு நீக்கிவிட்டால் பேரம் தானாகச் சுருங்கிவிடும். உங்கள் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது: படம், வங்கிச் செயலி, பத்து வருட வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அந்தச் சிறு பெட்டிக்குள். இரண்டு பக்கத்துப் பயத்துக்கும் மருந்து பெரும்பாலும் ஒரே வேலைகள்தான். அவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

எப்போது விற்பது

ஒரு மாடலின் விலை மெல்ல மெல்லத் தேயும்; அடுத்த தலைமுறை அறிவிக்கப்பட்டதும் சட்டென்று ஒரு படி இறங்கும். காரணம் எளிது. புதுசு வாங்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் தங்கள் பழையதைச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். ஐபோன்கள் வழக்கமாகச் செப்டம்பரில் வருகின்றன. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை ஜனவரி, பிப்ரவரி பக்கம். கூகுள் பிக்சல் 2024இலிருந்து ஆகஸ்டுக்கு வந்துவிட்டது. மாறுவது உறுதி என்றால் அறிவிப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே விலை விசாரித்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் தரும் பல நிறுவனங்கள் சொன்ன விலையைச் சில நாட்களுக்கு உறுதியாக வைத்திருக்கும். அந்தக் கெடு புது போன் கைக்கு வரும் தேதியைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் இதற்காகப் பழையதை முன்கூட்டியே விற்றுவிட்டு, இடையில் கைப்பேசி இல்லாமல் இருப்பது சரியான வழியல்ல. ஏன் என்பது தரவு மாற்றும் பகுதியில் புரியும். ஒரு வாரம் தாமதித்ததால் குறையும் விலையைவிட, பழைய போனை அழித்த பிறகு ஓ.டி.பி. செயலி திறக்காமல் போவதால் வரும் இழப்பு பெரிது.

விலையைத் தீர்மானிக்கும் இன்னொரு தேதி, மென்பொருள் ஆதரவு முடியும் நாள். பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) தொடங்கி இந்த இரண்டு வரிசைகளுக்கும் 7 வருட அப்டேட் வாக்குறுதி உண்டு. பிக்சல் 6, 7 மாடல்களுக்கு 5 வருடம். பலர் இதைத் தாங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பாதுகாப்பு அப்டேட் நிற்க ஒரு வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

யாரிடம் விற்பது

மூன்று வழிகள். புது போன் வாங்கும் இடத்திலேயே எக்ஸ்சேஞ்ச். பழைய போன் வாங்கி விற்கும் நிறுவனம் அல்லது கடை. நேரடியாக ஒருவருக்கு விற்பது. விலை பெரும்பாலும் இதே வரிசையில் ஏறும், அலைச்சலும் அதே வரிசையில் ஏறும்.

எக்ஸ்சேஞ்சில் காட்டும் தொகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு கணக்கு: புது போனின் பட்டியல் விலை 100 என்று வையுங்கள். பழையதற்கு 25 தருகிறார்கள், நீங்கள் 75 கட்ட வேண்டும். அதே புது போன் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் இன்னொரு இடத்தில் 90க்குக் கிடைத்தால், உங்கள் பழைய போனுக்கு உண்மையில் கிடைத்தது 15 மட்டுமே. "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று தனியாக எழுதியிருக்கும் தொகையின் பெரும்பகுதி, எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே கிடைக்கக்கூடிய தள்ளுபடியாக இருக்கலாம். அந்தத் தொகையை மாதா மாதம் பில்லில் கழிப்பதாகச் சொன்னால், நடுவில் சேவையை விட்டு விலகினால் மீதி என்னவாகும் என்றும் படித்துவிடுங்கள்.

இணையத்தில் விலை கேட்டு, போனை அனுப்பி வைக்கும் முறையில் அடிக்கடி நடப்பது இது: "நல்ல நிலை" என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவர்கள் பார்த்துவிட்டு "சுமார்" என்று விலையைக் குறைக்கிறார்கள். எல்லா நேரமும் அது ஏமாற்று அல்ல. கீறல் எத்தனை மில்லிமீட்டர், ஓரத்தில் அடிபட்டது எத்தனை இடம் என்று அவர்களுக்கு வரையறை இருக்கும். அதைப் படித்துவிட்டு நிலையைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் முன் ஆறு பக்கமும் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள், திரையில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) தெரிய ஒரு காட்சி, பெட்டிக்குள் வைத்து ஒட்டும்வரை வெட்டில்லாத ஒரே காட்சி. குறைத்த விலையை ஏற்காவிட்டால் போனை இலவசமாகத் திருப்பி அனுப்புவார்களா என்பதை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

எதை எங்கே கொடுப்பது என்று கேட்டால்: கண்ணாடி உடைந்தது, திரையில் கோடு விழுந்தது எக்ஸ்சேஞ்சுக்கு. தனி நபரிடம் இவற்றுக்கு நியாயமான விலை கிடைப்பது அரிது. பில், பெட்டி, நல்ல பேட்டரி, கீறலில்லாத திரை இருந்தால் நேரடி விற்பனைதான் சிறந்தது. அங்கேதான் உங்கள் பராமரிப்புக்குக் காசு கிடைக்கும். நடுவில் இருப்பது, அலைய நேரமில்லாதது கடைக்கு.

நேரடியாக விற்பதானால், மற்றவர்கள் கேட்கும் விலையை வைத்து உங்கள் விலையைப் போடாதீர்கள். மூன்று வாரமாக விற்காமல் கிடக்கும் விளம்பரமும் அதில் இருக்கும். விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். அதே ஸ்டோரேஜ், ஏறக்குறைய அதே பேட்டரி நிலை. 512 ஜி.பி.க்குக் கொடுத்த கூடுதல் பணம் மறுவிற்பனையில் முழுதாகத் திரும்பாது. அதை எதிர்பார்த்து விலை போட்டால் போன் கையிலேயே தங்கிவிடும்.

நீங்களே முதலில் சோதியுங்கள்

வருபவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடித்த குறைக்கு அவர் வைப்பதுதான் விலை. நீங்களாகச் சொன்ன குறை ஏற்கெனவே விலையில் கழிந்துவிட்டது.

திரையில் தொடங்குங்கள். ஓலெட் திரையில் பழைய தடம் பதிந்திருப்பது வெள்ளைப் பின்னணியில் சட்டென்று தெரியாது. முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்து, அறை விளக்கை அணைத்து, பிரகாசத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மேலே மணியும் பேட்டரிக் குறியும் இருக்கும் பட்டை, கீழே விசைப்பலகை வரும் பகுதி, வழிகாட்டிச் செயலி ஓட்டினால் அதன் ஓரங்கள்: இங்கெல்லாம் நிழல் போல ஒரு தடம் தெரிகிறதா என்று சாய்த்துப் பாருங்கள். அப்படியே பச்சை, இளஞ்சிவப்புக் கோடு, ஓரத்தில் மஞ்சள் படிவு. தொடுதலுக்கு, ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் செட்டிங்ஸ் பகுதியில் "பாயிண்டர் லொகேஷன்" போட்டு, திரை முழுவதும் நெருக்கமாகக் கோடு இழுங்கள். கோடு அறுபடும் இடம் செத்த இடம். சாம்சங்கில் *#0*#, ஷாவ்மியில் *#*#6484#*#* என்று டயல் செய்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பட்டியல் திறக்கும். ஐபோனில் ஏதாவது ஒரு ஐகானை விரல் எடுக்காமல் திரையின் எல்லா மூலைக்கும் இழுத்துப் பார்த்தாலே போதும். நடுவில் நழுவினால் அங்கே பிரச்சினை.

மைக் ஒன்றுக்கு மேல் இருக்கும். குரல் பதிவு ஒன்று, முன் கேமரா வீடியோ ஒன்று, பின் கேமரா வீடியோ ஒன்று என்று மூன்றும் எடுத்துக் கேளுங்கள். கேமராவில் ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாக: வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் உள்ளே தூசி, ஊதாக் கறை இருப்பது தெரியும். ஒரு அழைப்பில் போனைக் காதில் வைத்தால் திரை அணைகிறதா, இரண்டு சிம்மும் சிக்னல் எடுக்கிறதா, விரல்ரேகை, வயர்லெஸ் சார்ஜிங், ஜி.பி.எஸ். இவ்வளவும் கால் மணி நேர வேலை.

"சார்ஜிங் போர்ட் லூஸ்" என்று பலர் விலையைக் குறைத்துக் கொடுக்கும் போன்களில் பாதிக்கு மேல் போர்ட்டில் கோளாறே இருக்காது என்பது என் கணிப்பு. சட்டைப்பை நூல்தூசி ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் உள்ளே அமுங்கி, அடியில் கெட்டியாக ஒரு படலம் ஆகிவிடுகிறது. கேபிள் முழு ஆழம் போகாமல் அரைகுறையாக நிற்கிறது, லேசாக அசைந்தாலும் சார்ஜ் நிற்கிறது. போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே விட்டு, கீழிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டி எடுங்கள். சி-டைப்பில் நடுவே ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். தொடர்புப் பட்டைகள் அதில்தான். அதன் மேல் குச்சி அழுந்தக் கூடாது. ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகம் கூடவே கூடாது. அழுத்தக் காற்றும் வேண்டாம், தூசியை இன்னும் உள்ளே தள்ளும். கேபிள் 'டக்' என்று உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

பேட்டரிக்கு வருவோம். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80% கொள்ளளவு வைத்திருக்கும்படியும், ஐபோன் 15இலிருந்து 1,000 சுற்றுக்கு அதே அளவு வைத்திருக்கும்படியும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அதனால் சந்தையில் 80 என்பது ஒரு கோடு ஆகிவிட்டது. 81க்கும் 79க்கும் பயன்பாட்டில் வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். கோட்டுக்கு நெருக்கத்தில் இருந்தால் தாமதிக்காதீர்கள். கோட்டுக்குக் கீழே போய்விட்டால் அதிகாரப்பூர்வ மையத்தில் பேட்டரி மாற்ற என்ன செலவு, மாற்றினால் விலை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் புதிய மாடல்களுக்குக் கட்டுப்படியாகும், நான்கைந்து வருடம் ஆனவற்றுக்குக் கட்டுப்படியாகாது. ஆண்ட்ராய்டில் எல்லா போனும் இந்த எண்ணைக் காட்டாது. பிக்சல் 8ஏ முதல் செட்டிங்ஸிலேயே பேட்டரி ஆரோக்கியம் உண்டு. சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியின் பரிசோதனைப் பகுதி 'நன்று', 'பலவீனம்' என்ற அளவில் சொல்லும்.

திரையோ பின்மூடியோ ஓரத்தில் தூக்கிக்கொண்டு, நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அமுக்கி மூடாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்ற பேச்சு.

விற்பதற்காகவே மலிவான திரை போடுவது நஷ்டம். ஓலெட்டுக்குப் பதில் எல்.சி.டி. போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், ஓரப் பட்டை தடிக்கும், திரைக்கு அடியில் ஒளியால் படிக்கும் விரல்ரேகை சென்சார் வேலை செய்யாது. ஐபோனில் செட்டிங்ஸின் 'அபௌட்' பக்கமே சொல்லிவிடும்: பேட்டரி மாற்றியது 2018இன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாடல்கள் முதலும், திரை ஐபோன் 11 முதலும், கேமரா ஐபோன் 12 முதலும் அங்கே பதிவாகிறது. அசல் பாகமா, அறியப்படாத பாகமா என்றும் காட்டும். உடைந்த திரையோடு, உடைந்தது என்று சொல்லி விற்பதே மேல். இன்னொன்று: ஒருமுறை திறந்து ஒட்டிய போனைத் "தண்ணீர் புகாது" என்று சொல்லி விற்காதீர்கள். திறக்காத போனிலேயே அந்த ஒட்டுப்பசை காலப்போக்கில் தளர்ந்துவிடும்.

போனின் ஜாதகம்

*#06# டயல் செய்தால் ஐ.எம்.இ.ஐ. வரும், 15 இலக்கம், இரண்டு சிம் போனில் இரண்டு எண். பெட்டியில் இருப்பதும், செட்டிங்ஸில் இருப்பதும், பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டு மாற்றியிருந்தாலோ, சர்வீஸில் வேறு போன் கொடுத்திருந்தாலோ பொருந்தாது. அந்த சர்வீஸ் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திருட்டுப் போன் என்ற சந்தேகம் வரும். விளம்பரப் படத்தில் ஐ.எம்.இ.ஐ. தெரிய விடாதீர்கள், நேரில் பார்க்க வருபவருக்குக் காட்டுங்கள், அவர் சரிபார்க்கட்டும்.

ஐபோனின் மாடல் எண் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று விவரமறிந்தவர்கள் பார்ப்பார்கள். 'எம்' என்றால் புதிதாக விற்றது, 'எஃப்' என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது, 'என்' என்றால் பழுதுக்கு மாற்றாகத் தந்தது, 'பி' (P) என்றால் பெயர் பொறித்து வாங்கியது. உங்களுடையது 'என்' ஆக இருந்தால் அவர் கேட்கும் முன் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். தவணை பாக்கி இருந்தால் முடித்துவிட்டு விற்பதுதான் முறை. பாக்கிக்காகப் போன் பின்னால் முடக்கப்பட்டால் மாட்டிக்கொள்வது வாங்கியவர். அலுவலகம் தந்த போன் என்றால் ஐபோனில் ஜெனரல் பகுதியில் 'வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் இருந்தால், ரீசெட் செய்தாலும் அது மறுபடி வந்து உட்காரும். நிறுவனத்தின் ஐ.டி. பிரிவுதான் விடுவிக்க முடியும். சாம்சங்கில் பூட்லோடர் திறந்து ரூட் செய்திருந்தால் (நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை நீக்கி முழு அதிகாரம் எடுத்திருந்தால்) உள்ளே ஒரு மின்உருகி நிரந்தரமாக உடைந்திருக்கும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் (கோப்புகளைத் தனிப் பூட்டில் வைக்கும் இடம்) வேலை செய்யாது. அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

புது போனுக்கு எல்லாம் மாறிவிட்டதா

கேபிளோ வை-ஃபையோ வைத்து மாற்றும் கருவிகள் தொடர்பு எண், படம், குறுஞ்செய்தி, செயலிப் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். ஐபோனில் இன்னொரு ஐபோனுக்கு மாறும்போது, ஐகிளவுடில் (ஆப்பிளின் இணையச் சேமிப்பு) இடம் வாங்காதவர்களுக்கும் 'ப்ரிப்பேர் ஃபார் நியூ ஐபோன்' மூலம் மூன்று வாரம்வரை தற்காலிக இடம் இலவசமாகக் கிடைக்கிறது. பலருக்குத் தெரியாத வசதி இது. ஆனால் அந்தக் கருவிகள் கொண்டுபோகாதவைதான் பின்னால் தலையில் கைவைக்க வைக்கும்:

ஓ.டி.பி. உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி முதலாவது. செயலி புது போனில் வந்திருக்கும், உள்ளே கணக்குகள் காலியாக இருக்கும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023இலிருந்து கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி உண்டு, போடாவிட்டால் கியூ.ஆர். மூலம் ஏற்றுமதி செய்ய வேண்டும். அதற்குப் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும். புது போனில் வரும் ஆறு இலக்க எண்ணை வைத்து ஒரு கணக்கிலாவது உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் மாறியது என்று அர்த்தம்.

வாட்ஸ்அப்: ஆண்ட்ராய்டின் நகல் கூகுள் கணக்கில், ஐபோனின் நகல் ஐகிளவுடில். ஒன்றை மற்றதில் மீட்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறவர்கள், புது போனை முதன்முதலாக அமைக்கும்போதே வாட்ஸ்அப் மாற்றத்தையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. நகலுக்குத் தனிப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்தால் அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, வாட்ஸ்அப் நிறுவனத்தாலும்தான்.

சாம்சங் செக்யூர் ஃபோல்டரில் இருப்பது ரீசெட்டில் அழியும். கையால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டரும் பேக்கப் போடாவிட்டால் அப்படித்தான். குடும்பத்தின் முக்கியமான ஆவணப் படங்களை மக்கள் வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குரல் பதிவு, அழைப்புப் பதிவு, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

மெமரி கார்டை வெளியே எடுங்கள். ஆனால் அதை என்க்ரிப்ட் செய்திருந்தாலோ (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருந்தாலோ), போனின் உள் சேமிப்போடு இணைத்திருந்தாலோ, ரீசெட் ஆனபின் அந்த கார்டை எந்தக் கருவியிலும் படிக்க முடியாது. முதலில் கணினிக்கு நகல் எடுங்கள், பிறகு ரீசெட். இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) பயன்படுத்தினால் புது போனில் அழைப்பு வந்து போவதை உறுதிசெய்த பிறகே பழையதில் நீக்குங்கள். வங்கிச் செயலிகள் பல, ஒரு எண்ணை ஒரு கருவியோடு மட்டுமே பிணைக்கும். புது போனில் பதிவு செய்து ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் இருந்தால் வாட்ச் செயலியிலிருந்து 'அன்பேர்' செய்யுங்கள், அப்போது அதன் நகலும் தானாக எடுக்கப்படும்.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் பழைய போனை மேசையில் வையுங்கள். மறந்தது எல்லாம் அந்த ஒரு வாரத்தில் தன்னால் வெளியே வரும்.

அழிப்பதும் பூட்டை எடுப்பதும்

திருட்டைத் தடுக்க ஐபோனில் 2013இல், ஐஓஎஸ் 7உடன், ஆக்டிவேஷன் லாக் வந்தது. ஆண்ட்ராய்டில் 2015இல், 5.1 பதிப்புடன், ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன் என்ற எஃப்.ஆர்.பி. வந்தது. இரண்டும் போனை அழித்த பிறகும் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும். திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, நீங்கள் எடுக்க மறந்தால் காசு கொடுத்து வாங்கியவரையும் தடுக்கும்.

ஐபோனில், படங்களையும் தொடர்பு எண்களையும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்காதீர்கள். கணக்கு உள்ளே இருக்கும்போது அழித்தால் ஐகிளவுடிலிருந்தும், அதன் வழியே புது போனிலிருந்தும் போய்விடும். 'ஜெனரல்', 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்று போனால், ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு, தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மையையும் ஆக்டிவேஷன் லாக்கையும் அதுவே எடுத்துவிடும். இ-சிம்மை நீக்கலாமா என்று கேட்கும் இடத்தில் நீக்கச் சொல்லுங்கள். ஐஓஎஸ் 17.3இல் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியைப் போட்டிருந்தால் இந்த வேலைக்கு முகமோ விரலோ கட்டாயம், பாஸ்கோடு மட்டும் போதாது. பழக்கமில்லாத இடத்தில் இருந்தபடி கணக்கிலிருந்து வெளியேற முயன்றால் ஒரு மணி நேரம் காக்கவும் வைக்கும். வாங்குபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்துவது இருவருக்கும் சங்கடம். வீட்டிலேயே அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் வரிசை இது: திரைப்பூட்டை எடுங்கள், சாம்சங், ஷாவ்மி போன்றவற்றில் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதற்கும் தனிப் பூட்டு உண்டு, பிறகு கூகுள் கணக்கு ஒவ்வொன்றையும் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் நீக்குங்கள், கடைசியாக செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட். பவர், வால்யூம் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ரிக்கவரி மெனு வழியாக அழித்தால் அதைத் திருடன் செய்யும் வேலையாகவே போன் எடுத்துக்கொள்ளும், எஃப்.ஆர்.பி. அப்படியே நிற்கும். கூகுள் பாஸ்வேர்டு மறந்து புதிதாகப் போட்டிருந்தால், ரீசெட் செய்ய 24 மணி நேரம் காத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது.

அழித்த பிறகு சோதனை கட்டாயம். வை-ஃபையில் இணைத்து, அமைக்கும் திரைகளில் சில படி முன்னே போங்கள். "முன்பு இந்தப் போனில் இருந்த கணக்கைப் போடவும்" என்றோ, பழைய பின் எண்ணோ கேட்டால் பூட்டு இன்னும் இருக்கிறது. உங்கள் கணக்கைப் போட்டு உள்ளே போய், மறுபடி முறையாக நீக்குங்கள். கேட்காவிட்டால் அணைத்து வையுங்கள்.

அழித்த படங்களை யாராவது மீட்டுவிடுவார்களா என்று பலர் கேட்பார்கள். ஐபோன்களும், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்போடு வெளியான போன்களும் எல்லாத் தரவையும் என்க்ரிப்ட் செய்தே வைக்கின்றன. ரீசெட்டில் அந்தச் சாவி அழிகிறது. சாவி இல்லாத தரவு வெறும் குப்பை எண்கள். மூன்று முறை வீடியோவால் நிரப்பி அழிப்பது, 'ஷ்ரெட்டர்' செயலி போடுவது எதுவும் தேவையில்லை. மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் மட்டும், செக்யூரிட்டி பகுதியில் என்க்ரிப்ட் செய்துவிட்டு அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள்.

திரை வேலை செய்யாத ஆண்ட்ராய்டில், படம் தெரிகிறது, தொடுதல் மட்டும் இல்லை என்றால் ஓ.டி.ஜி. இணைப்பில் (யூ.எஸ்.பி. கருவியைப் போனில் செருக உதவும் சிறு இணைப்பான்) சாதாரண யூ.எஸ்.பி. மவுஸைச் செருகினாலே அம்புக்குறி வரும். அதை வைத்து எல்லாவற்றையும் முடிக்கலாம். ஐபோனை ஐகிளவுட் தளத்தில் நுழைந்து 'ஃபைண்ட் டிவைசஸ்' வழியாக அழிக்கலாம். போன் இணையத்தோடு இணையும்போதுதான் அது நடக்கும். எந்த வழியிலும் அழிக்க முடியாத போனைத் தெரியாதவருக்கு விற்காதீர்கள்.

விளம்பரம், சந்திப்பு, பணம்

டெம்பர்டு கிளாஸையும் கவரையும் கழற்றிவிட்டுப் படமெடுங்கள். கண்ணாடிக்கு அடியில் கீறல் ஒளிந்திருக்கும் என்ற சந்தேகம் போய்விடும். 70% ஐசோபுரொபைல் ஆல்கஹால் துடைப்பான் வெளிப்பக்கத்துக்குப் போதும், துளைகளில் ஈரம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னல் வெளிச்சத்தில், திரை அணைந்த நிலையில் ஒரு படம், எரியும் நிலையில் ஒன்று, நான்கு ஓரம், பின்பக்கம், அடிபட்ட இடம் நெருக்கமாக ஒன்று. வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"ஐபோன் 14, 128 ஜி.பி., கறுப்பு. முதல் உரிமையாளர், பில், பெட்டி உண்டு. பேட்டரி 84%, மாற்றியதில்லை. எந்தப் பாகமும் மாற்றவில்லை, அபௌட் பக்கத்தின் படம் இணைத்துள்ளேன். கீழ் இடது ஓரத்தில் 3 மி.மீ. அடி, ஐந்தாவது படம். திரையில் கீறல் இல்லை. கணக்கு நீக்கித் தரப்படும், நேரில் சோதிக்கலாம்."

"புதுசு மாதிரி", "சூப்பர் கண்டிஷன்" போன்ற சொற்கள் எந்தத் தகவலும் தருவதில்லை.

சந்திப்புக்குப் போகும்போது போன் ஏற்கெனவே அழிக்கப்பட்டு, எந்தக் கணக்கும் போடாமல் 'பிறகு அமைக்கலாம்' என்று தாண்டி முகப்புத் திரைவரை வந்த நிலையில் இருக்கட்டும். அவர் கேமரா, பேட்டரி, ஐ.எம்.இ.ஐ., தன் சிம் எல்லாம் போட்டுப் பார்க்கலாம், உங்கள் தரவு எதுவும் உள்ளே இருக்காது. பணம் வந்தபின் அவர் கண் முன்னே இன்னொரு முறை ரீசெட் போட்டுக் கொடுங்கள். காலியான போனில் சில நிமிடம்தான் ஆகும். ஐபோனை ஆக்டிவேட் செய்ய இணையம் வேண்டும் என்பதால் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். ஆள் நடமாட்டமுள்ள, கண்காணிப்புக் கேமரா உள்ள இடம் நல்லது.

பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டோ, வந்த குறுஞ்செய்தியோ பணம் அல்ல. உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பார்த்த பிறகுதான் போன் கைமாற வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் போடவோ, கியூ.ஆர். ஸ்கேன் செய்யவோ, லிங்க்கைத் திறக்கவோ சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் வழி. விலைக்கு மேல் அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பக் கேட்பவர், பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்துக் 'கூரியர் ஆள் வருவார்' என்பவர், இருவரையும் விட்டுவிடுங்கள். வாங்கியவர் பின்னால் ரத்து செய்யக்கூடிய கட்டண முறைகளைத் தெரியாதவரிடம் ஏற்காதீர்கள்.

ஒரு தாளில் மாடல், ஐ.எம்.இ.ஐ., தொகை, தேதி, "சோதித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தப் போன் ஏதாவது வழக்கில் சிக்கினால் உங்களுக்கும், திருட்டுப் போன் என்று யாராவது சொன்னால் அவருக்கும் அதுதான் ஆதாரம். பில்லின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். போனுக்குக் காப்பீடு ஓடிக்கொண்டிருந்தால் ரத்து செய்யுங்கள் அல்லது அவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூகுள், ஆப்பிள் கணக்குகளின் கருவிப் பட்டியலில் அந்தப் போன் இன்னும் இருந்தால் நீக்குங்கள்.

சில நாள் கழித்து வாங்கியவர் "உங்கள் கணக்கு கேட்கிறது" என்று அழைத்தால், பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ சொல்லாதீர்கள். ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் நீங்களே நுழைந்து, ஃபைண்ட் டிவைசஸில் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்து, முதலில் 'இரேஸ்', பிறகு 'ரிமூவ் ஃப்ரம் அக்கவுண்ட்'. அவர் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் பூட்டு போயிருக்கும். ஆண்ட்ராய்டில் இணையத்திலிருந்து கருவியை நீக்கினால் எஃப்.ஆர்.பி. போகும் என்று நம்ப முடியாது. நேரில் சந்தித்து, உங்கள் கையால் கணக்கைப் போட்டு, நீக்கி, செட்டிங்ஸ் வழியாக மறுபடி அழித்துக் கொடுங்கள்.